பாத்திரத்தின் உட்புறம்



பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் கழுவி, உட்புறத்தை அழுக்காகவே விட்டுவிடுகிறவர்களை ஆண்டவர் கடிந்துகொண்ட பகுதியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம் (மத்தேயு 23:25,26). அது இருதயத்தைக் குறித்த போதனை. அதைப் பாத்திரம் கழுவுவதைப் பற்றிய வசனம் என்று நான் பிரசங்கித்தால், எனக்கு வேதவியாக்கியானம் கற்பித்த ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கேட்கிறவர்கள் முன்னமே அறிந்து ஒப்புக்கொண்ட ஒரு காரியத்தின்மேல்தான் உவமை நிற்க முடியும். பாத்திரத்தின் உட்புறமே முக்கியம் என்பதை அன்றைய யூத வீட்டுப் பெண்கள் அறிந்திருந்தபடியால்தான் ஆண்டவருடைய வார்த்தை அவர்கள் உள்ளத்தில் தைத்தது. இன்று நம் வீடுகளில் நிலைமை என்ன? குழந்தையின் பால் பாட்டிலுடைய உட்புறத்தையும் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலுடைய உட்புறத்தையும் வெளிச்சத்திற்கு நேரே பிடித்து நாம் கடைசியாகப் பார்த்தது எப்பொழுது?

மும்பை, பெங்களூரு, சூரத், டெல்லி என்று பிழைப்புக்காக வந்து ஒரே அறையில் குடியிருக்கும் நம் சபைக் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். விடியுமுன் சில மணி நேரம் மட்டும் வருகிற குழாய்த் தண்ணீர்; அதைப் பிடித்து வைக்கும் டிரம்; அடுப்பும் படுக்கையும் கழுவுமிடமும் ஒரே அறைக்குள். வீடு சந்திப்புக்குச் செல்லுகிற ஊழியக்காரர்களுக்கு இந்தக் காட்சி பழகியது. கட்டிலின் ஓரத்தில் பாதி பாலோடு ஒரு பாட்டில் கிடக்கும். அதன் கழுத்துத் திருகில் மஞ்சள் வளையமாகப் பால் காய்ந்திருக்கும். குழந்தை அழுததும் அதே பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கி வாயில் வைப்பார்கள். அந்தத் தாய் சோம்பேறி அல்ல. ஐந்து வீடுகளில் பாத்திரம் கழுவிவிட்டு வந்தவள் அவள். ஆகையால் அவளைக் குற்றப்படுத்த அல்ல, அவளுக்கு உதவும்படியாகவே இவ்வரிகள்.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். காலை ஏழரை மணிக்கு வீட்டில் பால் பவுடரைக் கரைத்து பாட்டிலில் நிரப்பிப் பைக்குள் வைக்கிறார்கள். பேருந்து, லோக்கல் ரயில், பிறகு நடை. ஆராதனை, சாட்சி, பிரசங்கம், இராப்போஜனம் என்று மணி பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. குழந்தை வீறிடுகிறது, பாட்டில் வெளியே வருகிறது. இதற்குள் ஐந்து மணி நேரம் கடந்துவிட்டது. சாதகமான வெப்பத்தில் சிலவகைக் கிருமிகள் சுமார் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. அப்படியே பெருகினால் ஒரு கிருமி ஐந்து மணி நேரத்தில் பதினைந்து முறை இரட்டித்து 32,768 ஆகும். வெதுவெதுப்பான இனிப்புப் பால், மூடிய பை, கோடைகாலச் சூடு: இவற்றைவிடச் சாதகமான இடம் கிருமிகளுக்கு வேறில்லை. திங்கட்கிழமை பேதி தொடங்குகிறது. "பாஸ்டர், குழந்தைக்கு ஜெபியுங்கள்" என்று போன் வருகிறது. நிச்சயமாக ஜெபிக்கிறோம். ஆனால் ஞாயிறு காலையிலேயே தடுத்திருக்கக்கூடியது அது.

இங்கே ஒரு தவறான போதனையையும் சொல்லியாக வேண்டும். "விசுவாசத்தோடு ஜெபித்துக் கொடுத்தால் ஒன்றும் சேதப்படுத்தாது" என்று மாற்கு 16:18-ஐக் காட்டிச் சொல்லுகிற சகோதரர்கள் நம் நடுவில் உண்டு. அந்த வாக்குத்தத்தம் ஊழியத்தின் பாதையில் ஆபத்தைச் சந்திக்கிறவர்களுக்கு உரியது. கழுவ மனமில்லாதவர்களுக்கு உரியதல்ல. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதிக்கப்பட்டபோது, கர்த்தரைப் பரீட்சை பார்க்கலாகாது என்பதே நம் ஆண்டவருடைய பதிலாயிருந்தது (மத்தேயு 4:7). எரிகோவின் கெட்ட தண்ணீரை எலிசா ஆரோக்கியமாக்கின சம்பவத்தையும் திறந்து பாருங்கள் (2 இராஜாக்கள் 2:19-22). அது முழுக்க முழுக்க அற்புதம். அந்த அற்புதத்திற்கும் தீர்க்கதரிசி புதிய பாத்திரத்தையே கேட்டு வாங்கினான்.

எண்ணாகமம் 31:22,23-ல் இன்னொரு சுவையான விவரம் உண்டு. பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு போன்று அக்கினிக்கு நிற்கத்தக்கவற்றை அக்கினியில் போட்டு எடுக்கவும், அக்கினிக்கு நில்லாதவற்றைத் தண்ணீரால் சுத்திகரிக்கவும் இஸ்ரவேலர் கட்டளை பெற்றார்கள். லேவியராகமம் 11:33-ல் தீட்டுப்பட்ட மண்பாத்திரம் உடைத்துப்போடப்படுகிறது. இவை சடங்காச்சாரச் சுத்திகரிப்பைச் சேர்ந்தவை. கிருமிகளைப் பற்றிய பாடம் என்று நான் வலிந்து சொல்லமாட்டேன். ஆயினும் பாத்திரம் எதனால் செய்யப்பட்டதோ அதற்கேற்பவே அதைச் சுத்திகரிக்க வேண்டும், சுத்திகரிக்க முடியாததை எறிந்துவிட வேண்டும் என்கிற முறைமை நம் சமையலறைக்கும் பொருந்தும்.

சுத்திகரிக்க முடியாத பாத்திரத்தின் கதை ஒன்று சரித்திரத்தில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் கண்ணாடிப் பால் பாட்டிலோடு நீண்ட ரப்பர் குழாயை இணைத்து விற்றார்கள். குழாயின் நுனியில் காம்பு. தாய் அருகில் இராமலே குழந்தை படுத்தபடி தானாகக் குடிக்கலாம் என்பதால் அது பெரிதும் விற்பனையாயிற்று. ஆனால் அந்தக் குழாயின் உள்ளே பிரஷ் செல்லாது. பால் அதற்குள்ளேயே புளித்து ஊறியது. கொலைகாரப் பாட்டில் என்றே அதற்குப் பெயர் உண்டாயிற்று. மருத்துவர்கள் பல ஆண்டுகள் கண்டித்தும் விற்பனை நிற்கவில்லை. கடைசியில் 1910-ல் பிரான்ஸ் அதைச் சட்டத்தினால் தடை செய்தது. இதை நான் நினைப்பூட்டக் காரணம் உண்டு. இன்று கடைகளில் பொம்மைப் படம் போட்டு விற்கப்படும் ஸ்டிரா வைத்த சிப்பர் பாட்டில்களின் உள்ளேயும் அதே போன்ற ஒரு குழாய் ஒளிந்திருக்கிறது. வாங்குமுன், இதன் ஒவ்வொரு பாகத்தையும் கழற்ற முடியுமா, உள்ளே பிரஷ் நுழையுமா என்று பாருங்கள். நுழையாவிட்டால் பிள்ளை அழுதாலும் வாங்காதிருங்கள்.

இப்பொழுது குழந்தைக்கு வருவோம். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மாத்திரமே போதும். கோடைகாலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீரே. இதை உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களும் ஒரே குரலாகச் சொல்லுகிறார்கள். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டிய சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வைக்கும் வழக்கம் நம் ஜனத்தை விட்டு ஒழியட்டும். ஒரு வயது முடியும்வரை தேன் ஆபத்தானது. நம் தேசத்தில் 1992-ல் இயற்றப்பட்டு 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கோ உணவுக்கோ பால் பாட்டிலுக்கோ விளம்பரம் செய்யலாகாது. தாய்மார்களுக்கு இலவச மாதிரியும் கொடுக்கலாகாது. சாராயத்திற்கும் புகையிலைக்கும் கட்டுப்பாடு உண்டு, நமக்கு ஆச்சரியமில்லை. குழந்தையின் பால் பாட்டிலுக்கே விளம்பரத் தடை என்றால், அதனால் எவ்வளவு சேதம் உண்டாயிருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

"பால் ஊறவில்லை பாஸ்டர்" என்று கண்ணீர் விடும் சகோதரிகள் அநேகர். அநேகமாக நடப்பது இதுதான்: பாட்டில் கொடுக்கத் தொடங்கியதும் குழந்தை தாயிடம் சப்புவது குறைகிறது, சப்புவது குறையக் குறையப் பால் ஊறுவதும் குறைகிறது. அடிக்கடி அணைத்துச் சப்பக் கொடுத்தால் பெரும்பாலும் பெருகும். உண்மையாகவே பால் போதாத தாய்மாரும் உண்டு. அதைச் சாபம் என்று ஓசியா 9:14-ஐக் காட்டிப் பேசுகிற வாய்களைச் சபை அடக்க வேண்டும். அது ஒரு தேசத்தின் துரோகத்தைக் குறித்த தீர்க்கதரிசனம். பிரசவித்துப் படுத்திருக்கும் இளம்பெண்ணைக் குத்துவதற்கான ஆயுதம் அல்ல.

வேலைக்குப் போகிற தாய் என்ன செய்வாள்? சட்டத்தில் 26 வாரச் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு உண்டு. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற நம் சகோதரிகளின் கைக்கு அது எட்டுவதில்லை. அவர்கள் புறப்படுமுன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து எடுத்த எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சி, மூடி வைத்துவிட்டுப் போகலாம். அறையின் நிழலான இடத்தில் நான்கு மணி நேரம்வரை வைக்கலாம். கடும் வெயில் காலத்தில் அதற்கும் முன்னமே கொடுத்துவிட வேண்டும். குளிர்பெட்டி இருந்தால் உட்பக்கத்தில், கதவில் அல்ல, ஒருநாள் வைக்கலாம். குடுக்கும்போது அடுப்பில் கொதிக்க வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் டம்ளரை நிறுத்திக் குளிர் நீக்கினால் போதும்.

அந்தப் பாலையும் பாட்டிலில்தான் ஊற்ற வேண்டும் என்பதில்லை. ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பாட்டி, பையின் அடியில் ஒரு சங்கோ பாலாடையோ சுற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். "இதெல்லாம் பழைய காலம்" என்று அதைப் பரணில் ஏற்றிவிடாதிருங்கள். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு மருத்துவமனைகளில் செவிலியர்கள் இன்றும் பாலாடையாலும் சிறு கிண்ணத்தாலும்தான் பால் புகட்டுகிறார்கள். திறந்த வாய், மூலை முடுக்கில்லாத உட்புறம், உலோகம். சோப்பும் வெந்நீரும் எங்கும் எட்டும். புகட்டும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்துத் தொண்டைக்குள் ஊற்றலாகாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தலையை நிமிர்த்தி மடியில் சாய்த்து, கிண்ணத்தின் விளிம்பைக் கீழ் உதட்டில் வைத்தால் குழந்தையே நக்கியும் உறிஞ்சியும் குடிக்கும். சற்று நேரம் பிடிக்கும். பொறுமை வேண்டும்.

பாட்டில் இன்றி முடியாது என்ற நிலையிலிருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களை நான் புறந்தள்ளவில்லை. வாங்கும்போதே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையில்லாத பால் பாட்டிலை விற்பதே சட்டவிரோதம். பழைய பாட்டில்களில் சிலவற்றைப் பாலிகார்பனேட் என்னும் கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அதிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்கிற இரசாயனம் பாலில் இறங்குவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் குழந்தைப் பாட்டில்களில் அதைத் தடை செய்தது. நம் நாட்டின் தர நிர்ணய விதியும் 2015-ல் அதை விலக்கியது. ஆகையால் அக்காள் பிள்ளை குடித்த பாட்டில் பத்திரமாக இருக்கிறது என்று பெட்டியிலிருந்து எடுத்துத் தராதிருங்கள். கீறல் விழுந்து மங்கிய பாட்டிலையும், பிசுபிசுத்த அல்லது வெடித்த நிப்பிளையும் எறிந்துவிட வேண்டியதே. அந்தக் கீறல்களுக்குள் பிரஷ் போகாது, கிருமி போகும்.

கழுவும் முறைக்கு வருகிறேன். குழந்தை குடித்து முடித்தவுடனேயே மீதிப் பாலை ஊற்றிவிட்டுத் தண்ணீரால் அலசிவிடுங்கள். பால் காய்ந்துவிட்டால் வேலை பத்து மடங்கு. பிறகு பாட்டில், நிப்பிள், திருகு வளையம், மூடி நான்கையும் தனித்தனியே கழற்றி, அதற்கென்று மாத்திரம் வைத்த பிரஷினால் சோப்புக் கலந்த வெந்நீரில் தேய்க்க வேண்டும். கறிச்சட்டி தேய்த்த நாரை இதற்கு எடுக்கலாகாது. நிப்பிளை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பித் தேய்த்து, அதன் துளை வழியாகத் தண்ணீரைப் பிதுக்கி விடுங்கள். பின்பு நல்ல தண்ணீரில் அலசி, எல்லாப் பாகங்களும் மூழ்கும்படி பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காதபடி அமிழ்த்தி, மூடி போட்டு, தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். "கொதிக்க வைக்கிறோமே, தேய்ப்பானேன்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒட்டியிருக்கும் பாலாடைப் படலம் கிருமிகளுக்குக் கேடகம் போலிருக்கிறது. கேடகத்தை உடைக்காமல் எய்யும் அம்பு பயன்படாது. தேய்ப்பது முதலாவது, கொதிப்பது இரண்டாவது. சமையல் எரிவாயு விலையை நான் அறியாதவனல்ல. இரண்டு மூன்று பாட்டில்கள் இருந்தால் ஒரே கொதியில் ஒருநாளைக்கு வேண்டியதை முடித்துவிடலாம்.

கொதித்ததை எடுத்தபின் முந்தானையால் துடைக்கிற வழக்கம் ஒன்று உண்டு. பத்து நிமிடம் எரித்த வாயு அந்த ஒரு துடைப்பில் வீணாகிறது. துடைக்கவே வேண்டாம், சுத்தமான தட்டில் கவிழ்த்துக் காற்றில் உலர விடுங்கள்.

பால் பவுடர் டப்பாவைக் குறித்து அநேகர் அறியாதது: அந்தப் பவுடர் கிருமியற்றது அல்ல. மூடியைத் திறக்குமுன்னமே அதில் சில கிருமிகள் இருக்கக்கூடும். ஆகவேதான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டிலுள்ள தண்ணீரில் அதைக் கரைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வழிகாட்டியது. நம் வீட்டில் வெப்பமானி இராது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரைமணி நேரத்திற்குள் பயன்படுத்தினால் போதுமான சூடு இருக்கும். கரைத்தபின் பாட்டிலின் வெளிப்புறத்தைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்திற்குள் குடிக்காததை ஊற்றிவிடுங்கள். குழந்தை வாய் வைத்த மீதியை எடுத்து வைக்கவே வேண்டாம். டப்பாவிலுள்ள கரண்டியால், டப்பாவில் எழுதியிருக்கும் அளவின்படியே போடுங்கள். மாதக் கடைசியில் நான்கு கரண்டிக்குப் பதிலாக இரண்டு போட்டுத் தண்ணீரைக் கூட்டுகிற வீடுகள் உண்டு. வயிறு நிறைந்ததுபோல் குழந்தை உறங்கும், எடை ஏறாது. அப்படிப்பட்ட நெருக்கத்தில் இருக்கிற குடும்பம் போதகரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். தரித்திரருக்கென்று வாங்குகிற காணிக்கை வேறு எதற்கு இருக்கிறது? ஆறு மாதத்திற்குள் பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பதையும் மருத்துவரைக் கேளாமல் செய்யாதிருங்கள்.

பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்க்கப் போகலாகாது. புரையேறினால் தூக்க ஆள் வேண்டும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கப் பழகிய பிள்ளைகளின் முன்பற்கள் சொத்தையாவதை நம் ஓய்வுநாள் பள்ளியிலேயே பார்க்கிறோம். ஒரு வயதானதும் பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றிவிடுங்கள்.

பெரியவர்களின் தண்ணீர் பாட்டிலுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம்; ஆனால் நாள்தோறும் கழுவ வேண்டும். தண்ணீர்தானே ஊற்றினோம் என்று வாரக்கணக்கில் மேலே மேலே நிரப்புகிறோம். நம் வாயிலுள்ள எச்சில் அதற்குள் செல்லுகிறது. உட்புறத்தில் விரலுக்கு வழுக்குகிற மெல்லிய படலம் உண்டாகிறது. கழுத்துக் குறுகிய பாட்டிலுக்கு நம் பாட்டிமார் அறிந்த வழி உண்டு: ஒரு கைப்பிடி அரிசியும் சிறிது சோப்புத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினால் படலம் உரிந்துவிடும். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை ஊசி முனையால் நெம்பி எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பூஞ்சை இருக்கும் இடம் அதுதான். பள்ளிப் பிள்ளைக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் வாயகன்ற எவர்சில்வர் பாட்டிலே உத்தமம். செம்புப் பாட்டில் வைத்திருப்பவர்கள் அதில் மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பானவற்றை ஊற்றலாகாது. செம்பு கரைந்து வாந்தி உண்டாகும். கடையில் வாங்கிக் குடித்த மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் ஒரு தரத்திற்கென்று செய்யப்பட்டது. அதில் வெந்நீர் ஊற்றினால் சுருங்கிவிடும், ஆகையால் அதைச் சரியாகக் கழுவவும் முடியாது. நசுக்கிப் போட்டுவிடுங்கள்.

நசுக்காமல் வைத்தால் வருகிற ஆபத்து ஒன்றைச் சொல்லி விடுகிறேன். பெயிண்ட் வேலை செய்கிற சகோதரர்கள் தின்னரையும், வீடு துடைக்கிறவர்கள் பினாயிலையும் கழிப்பறை ஆசிட்டையும், சிலர் மண்ணெண்ணெயையும் அந்தக் குடிதண்ணீர் பாட்டில்களிலேயே ஊற்றி வைக்கிறார்கள். ஒரே அறையில், குடிதண்ணீரும் ஆசிட்டும் ஒரே வடிவத்தில், ஒரே மூடியோடு நிற்கின்றன. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இருட்டில் தாகத்தோடு எழுந்த தகப்பனுக்கும் தெரியாது. இன்றே அவற்றை அதனதன் டப்பாவுக்கு மாற்றி, பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். யாரேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மே மாதம் வந்தால் நம் ஜனம் ரயிலேறும். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் ஒரு பகலும் ஒரு இரவும் தாண்டின பிரயாணம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையோடு போகிறவளுக்குக் கவலையே இல்லை. பக்கத்திலிருக்கும் பெண்கள் ஒரு துப்பட்டாவைப் பிடித்தால் போதும். பவுடர் கொடுக்கிறவர்கள் வீட்டிலேயே கரைத்து எடுத்துக்கொண்டு போகாதபடி, கொதித்த தண்ணீரை நல்ல பிளாஸ்கிலும், ஒவ்வொரு வேளைக்குரிய பவுடரை உலர்ந்த சிறு டப்பாக்களிலும் தனித்தனியே கொண்டுபோய், வேளை வரும்போது கரைக்கட்டும். கொதிக்க வைத்த கிண்ணங்கள் நான்கைந்தை மூடிய டப்பாவில் கொண்டுபோனால், ரயிலின் கழுவுதொட்டியில் பாட்டில் அலசுகிற அவலம் நேராது. ஸ்டேஷனில் வாங்கும் பாட்டிலின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பேதி வரலாம். வந்தால் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதிருங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அங்கன்வாடியிலும் அரசு சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் அளவு தவறிவிடும். 24 மணி நேரத்திற்குப் பின் மீதியை ஊற்றிவிடுங்கள். அதைப் பால் பாட்டிலில் ஊற்றாமல் கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மருத்துவர் சொல்லும் அளவில் ஜிங்க் மருந்தை 14 நாட்கள் கொடுக்க வேண்டும். பேதி நின்றதும் நிறுத்திவிடலாகாது. கண்கள் குழிவிழுந்தால், சிறுநீர் போகாதிருந்தால், குழந்தை துவண்டு குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், போதகர் வந்து ஜெபிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆட்டோவில் ஏறுங்கள். நாங்கள் மருத்துவமனைக்கே வந்து ஜெபிப்போம்.

கடைசியாக, உடன் ஊழியர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டில் தாய்ப்பால் கொடுக்கிற சகோதரியும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாட்டில் கொண்டுவருகிறாள் என்றால், நம் ஆலயத்தில் அவள் உட்கார்ந்து பால் கொடுக்க இடமில்லை என்பதே காரணம். அழுகிற குழந்தையோடு படிக்கட்டில் நிற்கும்படி அவளை அனுப்பிவிடுகிறோம். வாடகை மண்டபமானாலும் ஒரு மூலையில் திரைச்சீலை கட்டலாம். இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, கைகழுவச் சோப்பும் தண்ணீரும், பிரசங்கம் கேட்க ஒரு சிறிய ஸ்பீக்கர், வெந்நீர் நிறைந்த ஒரு பிளாஸ்க். உபவாச ஜெப நாட்களில் பாலூட்டுகிற தாய்மார் சாப்பிட்டுவிட்டு வரும்படி மேடையிலிருந்தே அறிவியுங்கள். அவர்களாகக் கேட்க வெட்கப்படுவார்கள். வாசலிலுள்ள தண்ணீர் டிரம்முக்குள் டம்ளரை முக்கி எடுக்காதபடி குழாய் வைத்த டிரம்மாக மாற்றுங்கள். இராப்போஜனத்தின் சிறிய கிண்ணங்களைக் கழுவுகிற சகோதரிகளுக்கு, அடியில் திராட்சரசம் காயுமுன் அலசி, கொதித்த தண்ணீரில் முக்கி, கவிழ்த்து உலர வைக்கச் சொல்லிக் கொடுங்கள். திரைச்சீலைக்கு வேண்டிய துணி பத்து மீட்டருக்குமேல் ஆகாது. தைத்துத் தர ஒரு தையற்கார சகோதரர் எந்தச் சபையிலும் இருப்பார்.